14 அங்குல பேண்ட்சா: கோத்தகிரி வீட்டுப் பட்டறையிலிருந்து ஒரு மதிப்புரை

கோயம்புத்தூரில் மரவேலை இயந்திரங்கள் விற்கும் கடைகளில் 14 அங்குல பேண்ட்சா (இரு சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்) என்று கேட்டால், வெவ்வேறு பெயர் ஒட்டிய, ஆனால் ஏறத்தாழ ஒரே அமைப்புள்ள இயந்திரங்களையே காட்டுவார்கள். மேல், கீழ் என இரண்டு துண்டுகளாக வார்த்து போல்ட் போட்டு இணைத்த இரும்புச் சட்டம், 14 அங்குல விட்டமுள்ள இரண்டு சக்கரங்கள், அவற்றின் மேல் ரப்பர் டயர், கீழ்ப்பெட்டிக்குள் ஒரு குதிரைத்திறன் மோட்டார், 93½ அங்குல நீளமுள்ள பிளேடு என்பதே அந்த அமைப்பு. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் கடந்த நூற்றாண்டில் பரவலாக்கிய இந்த வடிவத்தைப் பின்னர் தைவான், சீன வார்ப்பட ஆலைகள் எடுத்துக்கொண்டன. அவ்வகை இயந்திரம் ஒன்றைக் கோத்தகிரியில் என் வீட்டுப் பட்டறையில் நிறுவி, மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் அதனோடு கழித்த பின் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வாங்கத் தகுந்த இயந்திரம்தான், ஆனால் கடையிலிருந்து வருவது நல்ல வார்ப்பு மட்டுமே. அதை நேராக அறுக்க வைப்பது வாங்கியவரின் பொறுப்பு. அந்த வேலையில் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை தவறினால், எவ்வளவு நேரம் செலவிட்டாலும் பலன் கிடைக்காது.

மலையில் மரவேலை செய்பவருக்கு வட்ட ரம்பத்தைவிட பேண்ட்சா ஏன் அதிகம் பயன்படுகிறது என்பதற்கு இங்கே கிடைக்கும் மரமே காரணம். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக், பழைய தோட்டங்களிலிருந்து வரும் பேரி, பிளம்ஸ், காற்றில் சாய்ந்த சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகியவையே நமக்கு எட்டும் மரங்கள். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்று வெட்டிய மரமே விற்பனைக்கு வர வேண்டும் என்பதால், அது கிடைப்பதும் குறைவு, கிடைப்பதும் பெரும்பாலும் தடித்த பலகையாகவோ குட்டையான தடியாகவோதான் இருக்கும். வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 3 மி.மீ. மரத்தைத் தூளாக்குகிறது, அரை அங்குல பேண்ட்சா பிளேடு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஒரே தடிப்பலகையிலிருந்து ஆறு மெல்லிய பலகைகள் எடுக்கும்போது இந்த வேறுபாடு ஒரு முழுப் பலகைக்குச் சமமாகிவிடும்.

இயந்திரத்தின் எடை நூறு கிலோவை ஒட்டியிருக்கும். விற்பனையாளர் மேட்டுப்பாளையம் பார்சல் கிடங்கு வரை மட்டுமே அனுப்பினார். அங்கிருந்து மலைக்கு ஏற்றுவது நம் செலவு. சாலைமட்டத்துக்குக் கீழே, படிக்கட்டில் இறங்கிச் செல்ல வேண்டிய வீடுகள்தான் இங்கே அதிகம் என்பதால், மேசையையும் மோட்டாரையும் தனியே கழற்றி இறக்குவதே பாதுகாப்பு. பின்னால் செய்ய வேண்டிய சரிபார்ப்புகளுக்கு மேசையை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். ஆகவே இதில் வீண் உழைப்பு ஏதுமில்லை.

துருத் தடுப்புக்காகப் பூசியிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, மேசைமீது அன்றைக்கே மெழுகு பூசிவிட வேண்டும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. அம்மாதங்களில் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த வார்ப்பிரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டவுடன் நீர் கோத்துக்கொள்ளும், ஒரே இரவில் செம்புள்ளிகள் தோன்றும். எண்ணெய் பூசினால் அது மரத்தில் கறையாக ஏறி, பின்னர் பாலிஷ் பிடிக்காமல் செய்துவிடும். மெழுகுக்கு அந்தத் தொல்லை இல்லை, மரமும் எளிதில் வழுக்கிச் செல்லும். தரையில் ரசமட்டம் வைத்து நான்கு மூலைகளிலும் தடித்த ரப்பர் துண்டுகள் கொடுத்தபின் அதிர்வு வெகுவாகக் குறைந்தது.

மின்சாரம் பற்றி ஒரு சொல். மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள மலை வீடுகளில் மாலை வேளையில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200க்கு இறங்குவதுண்டு. இவ்வகை மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 200 வோல்ட்டில் ஏறத்தாழ கால் பங்கு விசை போய்விடுகிறது. தடித்த பலகையைப் பிளக்கும் வேலையைப் பகலில் வைத்துக்கொள்வதும், 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயரும் முறையான எர்த்தும் கொடுப்பதும் அவசியம். மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள திறன் பொதுவாக 1,000 மீட்டர் உயரத்துக்கும் 40 டிகிரி வெப்பத்துக்கும் கணக்கிட்டது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருப்பதால் மெலிந்த காற்று மோட்டாரைக் குறைவாகவே குளிர்விக்கும் என்றாலும், இங்குள்ள குளிர் அதை ஈடு செய்துவிடுகிறது. என் மோட்டார் ஒருநாளும் கைவைக்க முடியாத அளவுக்குச் சுட்டதில்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இயந்திரத்தோடு வந்த பிளேடை மாட்டிப் பார்த்து அதை வைத்தே மற்றவற்றைச் சரிசெய்ய முயல வேண்டாம். உடன் வரும் பிளேடு இந்த இயந்திரத்தின் மிகப் பலவீனமான உறுப்பு: அதன் பற்களின் செட், அதாவது பற்கள் மாறிமாறி இடமும் வலமும் சாய்ந்திருக்கும் அளவு, இருபுறமும் சமமாக இல்லை, வெல்டிங் செய்த இடம் பின்விளிம்பில் மேடாக இருந்தது, அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் பின்பக்க பேரிங்கைத் தட்டிச் சென்றது. சுருளாக வரும் பிளேடை வேண்டிய நீளத்துக்கு வெட்டி வெல்டிங் செய்து தரும் கடைகள் கோயம்புத்தூரில் உள்ளன. அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல் என்று கேட்டு வாங்கிய பிளேடு, இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகைக்கு முழு வேறுபாட்டைத் தந்தது. வாங்கும்போதே வெல்டிங் இடத்தின் பின்விளிம்பில் எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். அளவுகோல் ஆடினால் அந்தப் பிளேடை வாங்க வேண்டாம்.

பிளேடுக்கு அடுத்தது அதன் இறுக்கம். மேல்சக்கரத்தைத் தூக்கும் ஸ்பிரிங்கின் பக்கத்தில் இருக்கும் அளவுக்குறி, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பதை மட்டுமே காட்டுகிறது. பிளேடில் உண்மையில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. கார்பன் எஃகுப் பிளேடுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,000 முதல் 20,000 பவுண்டு வரை இழுவிசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அரை அங்குல அகலமும் 0.025 அங்குலத் தடிமனும் உள்ள பிளேடுக்குக் கீழ்வரம்பான 15,000 பவுண்டை எடுத்துக்கொண்டாலும், பிளேடின் இரு பக்கமும் சேர்ந்து மேல்சக்கரத்தை ஏறத்தாழ 170 கிலோ சுமையோடு கீழே இழுக்கும். இதே கணக்கில் 0.032 அங்குலத் தடிமனுள்ள முக்கால் அங்குலப் பிளேடு 320 கிலோவுக்கு மேல் கேட்கும். இந்த ஸ்பிரிங்கும், அதைத் தாங்கும் வார்ப்புத் துண்டும் அந்தச் சுமைக்கு உரியவை அல்ல. அளவுக்கு மீறி முறுக்கினால் அந்தத் துண்டு வளைந்துவிடும், பிறகு மேல்சக்கரம் எந்தச் சரிசெய்தலுக்கும் கட்டுப்படாது. அட்டையில் முக்கால் அங்குலப் பிளேடு வரை போடலாம் என்று அச்சிட்டிருந்தாலும், 14 அங்குல இயந்திரத்துக்கு அரை அங்குலமே எல்லை என்று கொள்வது நல்லது.

இறுக்கத்தை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. பிளேடு தளர்ந்திருக்கும்போது டிஜிட்டல் காலிப்பரின் இரு தாடைகளையும் 125 மி.மீ. இடைவெளியில் சிறு கிளாம்புகளால் பிளேடோடு பிடித்துவிட்டு, பூஜ்யம் வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் திருக வேண்டும். எஃகு நீளும் அளவை வைத்துப் பார்த்தால் 15,000 பவுண்டு இழுவிசையில் அந்த 125 மி.மீ. நீளம் 0.06 மி.மீ. கூடும். காலிப்பர் 0.06 காட்டும் இடத்தில் ஸ்பிரிங்கின் அளவுக்குறி எங்கே நிற்கிறது என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அந்தப் பிளேடுக்கு அடுத்தடுத்த முறை அந்தக் கோடே போதும். என் இயந்திரத்தில் அந்தக் கோடு, தொழிற்சாலை அச்சிட்ட அரை அங்குலக் குறிக்கு நன்றாகவே மேலே விழுந்தது. பிளேடு அறுக்கும்போது அலைவதாகவும், பலகையின் நடுவில் வயிறு தள்ளி வெட்டுவதாகவும் இவ்வகை இயந்திரங்கள் மேல் சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறேன். பல வாரம் ஒரே நிலையில் நின்றால் ரப்பர் டயரில் தட்டையான இடம் விழுகிறது, குளிர்காலத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். மோட்டாரின் வி-பெல்ட்டும் அப்படித்தான். பனிக்காலக் காலைகளில் முதல் சில நிமிடங்கள் அது விறைப்பாக ஓடி அதிர்வு தருகிறது. அந்த நேரத்தில் அறுக்காமல் வெறுமனே ஓடவிடுவது நல்லது.

இறுக்கம் சரியானபின்தான் சக்கரங்களைப் பார்க்க வேண்டும், ஏனெனில் இறுக்கத்தின் சுமையில் மேல்சக்கரத்தின் சாய்வு மாறுகிறது. நீண்ட நேர்ச்சட்டம் ஒன்றை இரு சக்கரங்களின் விளிம்பிலும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, மேல்சக்கரம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே இருந்தது. அச்சில் ஒரு வாஷர் சேர்த்ததும் இரண்டும் ஒரே தளத்துக்கு வந்தன. இந்தச் சக்கரங்களின் டயர் நடுவில் மேடாக இருப்பதால், சிறிய பிசகு இருந்தாலும் பிளேடு ஓடத்தான் செய்யும். ஆகவே இங்கே மயிரிழைத் துல்லியம் தேவையில்லை. அதன்பின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மேல்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சாய்வுத் திருகைத் திருப்பி, பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் அடி டயரின் நடுமேட்டில் ஓடும்படி செய்ய வேண்டும். பிளேடின் அகலத்தின் நடுவை வைப்பவர்களும் உண்டு. அரை அங்குலப் பிளேடில் பள்ளத்தின் அடியை வைத்தபோதுதான் பலகை ஃபென்ஸை, அதாவது மேசைமீது பலகைக்கு வழிகாட்டும் நேர்ச்சட்டத்தை, ஒட்டி விலகாமல் சென்றது.

பிளேடு பக்கவாட்டிலும் பின்னாலும் விலகாமல் பேரிங்குகளால் தாங்கும் அமைப்பே கைடு; மேசைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் உண்டு. இந்த இயந்திரத்தின் உண்மையான குறை மேல்கைடைத் தாங்கும் தண்டில் இருக்கிறது. மரத்தின் உயரத்துக்கு ஏற்ப அந்தத் தண்டை ஏற்றி இறக்கும்போது, அது பிளேடுக்கு இணையாக நகர வேண்டும். கடைகளில் இதை யாரும் சோதித்துக் காட்டுவதில்லை, கையேட்டிலும் ஒரு வரிகூட இல்லை. என் இயந்திரத்தில் மேசையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் கைடைப் பிளேடோடு சரியாகப் பொருத்திவிட்டு ஐந்து அங்குல உயரத்துக்கு ஏற்றியபோது, ஒரு பக்க பேரிங் பிளேடை அழுத்தி வளைத்தது, மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி திறந்தது. இப்படி இருக்கும் நிலையில் உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கைடை மீண்டும் பொருத்தித்தான் ஆக வேண்டும். பொருத்தாமல் அறுத்தால் பிளேடு வளைந்த நிலையிலேயே மரத்துக்குள் நுழையும். அதைப் பிளேடின் விலகல் என்று எண்ணி ஃபென்ஸைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் நோயை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு இரு துண்டு வார்ப்பிலேயே இருக்கிறது. சட்டத்தின் மேல்துண்டான மேல்கையைக் கீழ்ச்சட்டத்தோடு இணைக்கும் பெரிய போல்ட்டைத் தளர்த்தி, இணைப்பின் ஒரு விளிம்பில் பித்தளைத் தகட்டின் மெல்லிய துண்டு ஒன்றைச் செருகி மீண்டும் இறுக்கினால், மேல்கை முழுவதும் சிறிதளவு சாயும், தண்டும் அதனோடு சாயும். பிளேடின் திசையை இரு சக்கரங்களின் இடமே தீர்மானிப்பதால், தண்டு சாய்ந்த பின் பிளேடை மறுபடி சக்கரத்தில் ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு தகட்டை எடுத்து மற்றொன்றை வைத்துப் பொறுமையாகச் செய்தால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. ஏழெட்டுக் காகிதத் தடிமன் தகடு போதுமானதாக இருந்தது. இதை முடித்தபின் கைடு எந்த உயரத்திலும் பொருத்தியது பொருத்தியபடி நிற்கிறது. இந்த ஒரு திருத்தத்துக்காகவே வார்ப்பிரும்புச் சட்டம் உள்ள பழைய வடிவத்தை, தகட்டை வளைத்து வெல்டிங் செய்த சட்டங்களைவிட மேலாக நினைக்கிறேன்; அவற்றில் இப்படித் திருத்த இடமில்லை.

கைடு பொருத்துவது இதன் பிறகு எளிது. பக்க பேரிங்குகளைப் பற்களின் பள்ளத்துக்குச் சற்றே பின்னால் நிறுத்தி, பிளேடுக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு காகிதத்தின் தடிமன் விட வேண்டும். அவை முன்னே வந்து பற்களைத் தொட்டால் ஒரே நொடியில் செட் போய்விடும். பின்பக்க பேரிங் வெறுமனே ஓடும்போது தொடக்கூடாது, மரத்தைத் தள்ளும்போது மட்டும் தொட வேண்டும்; அரை மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் போதும். மேசைக்குக் கீழே உள்ள கைடுகளையும் இதே கவனத்தோடு பொருத்த வேண்டும். எட்டாத இடத்தில் இருப்பதால் அவற்றை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

மேசை நன்றாக வந்திருந்தது. நேர்ச்சட்டத்துக்கும் மேசைக்கும் இடையே 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையவில்லை. மூலைமட்டத்தை வைத்துப் பக்கவாட்டில் செங்கோணம் பார்ப்பதோடு நின்றுவிடாமல், முன்பின் திசையிலும் பார்க்க வேண்டும். ஒரு கட்டையில் சிறிது தூரம் அறுத்து நிறுத்தி, கட்டையைத் தலைகீழாகப் புரட்டிப் பிளேடின் பின்பக்கத்திலிருந்து அதே வெட்டுக்குள் நுழைத்தால், பிளேடு தடையின்றிப் பொருந்தினால் பக்கவாட்டுச் செங்கோணம் சரி. ஃபென்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை: இறுக்கும்போது பின்முனை நகர்கிறது, உயரமும் போதவில்லை. ஐந்தங்குல உயரமுள்ள நேரான சில்வர் ஓக் பலகை ஒன்றை அதன்மேல் திருகிவிட்டேன், அதுவே இன்றுவரை பயன்படுகிறது.

சில்வர் ஓக் இந்த இயந்திரத்தில் மிக அழகாக அறுபடுகிறது. ஆரத்தின் போக்கில் அறுத்தால் வெளிப்படும் பின்னல் போன்ற ரேகைகள் கெடாமல் வருகின்றன. ஐந்தங்குல அகலப் பலகையிலிருந்து எடுத்த 4 மி.மீ. தகடுகளை நான்கு மூலைகளிலும் அளந்தபோது வேறுபாடு 0.3 மி.மீ.க்குள் அடங்கியது, இழைப்புளியின் இரண்டு மூன்று ஓட்டத்தில் அது மறைந்துவிடும். பேரி மரம் இறுக்கமானது, மெதுவாகத் தள்ள வேண்டும், ஆனால் மேற்பரப்பு அறுத்தவுடனேயே வழவழப்பாக இருக்கிறது. கற்பூர மரம் வேறு வகை. வளரும்போதே அதற்குள் தங்கிய இறுக்கம் அறுக்கும்போது விடுபட்டு, இரு பாதிகளும் வளையும்; ஒன்றையொன்று நோக்கி வளைந்தால் பிளேடைக் கவ்விக்கொள்ளும். வெட்டு நான்கு அங்குலம் சென்றதும் பின்னால் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டே தொடர வேண்டும். மரத்தின் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நிற்கும் மாதங்களில் பட்டறையில் அடுக்கிய மரம் ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது பிளந்த மெல்லிய தகடு, சமவெளிக்குப் போனதும் சுருங்கி வளையும். கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய பெட்டிக்கான தகடுகளை மாசி, பங்குனியில் அறுப்பதே என் வழக்கம்.

தூசு இந்த வடிவத்தின் மற்றொரு குறை. உறிஞ்சு குழாய்க்கான வாய் கீழ்ச்சக்கரப் பெட்டியின் அடியில் மட்டும் இருக்கிறது. மேசைக்குக் கீழே, பிளேடு மரத்தைவிட்டு வெளியேறும் இடத்தில் எதுவும் இல்லை. குளிருக்கும் மூடுபனிக்கும் சன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் நம் ஊரில் இது சிறிய விஷயமல்ல. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சில்வர் ஓக் சிலருக்குத் தோல் அரிப்பையும் தருகிறது. கீழ்க்கைடுக்கு அருகே தகட்டால் ஒரு வாய் செய்து வேக்வம் குழாயை இணைத்த பின் சக்கரங்களில் தூள் அப்புவதும் குறைந்தது. அதற்குப் பின்னும் முகக்கவசம் வேண்டும்.

விற்பனையாளரின் சேவையைப் பாராட்ட வழியில்லை. நிறுவிக் காட்ட ஆள் வருவார் என்று வாங்கும்போது சொன்னவர்கள், மலைக்கு என்றதும் தொலைபேசியில் விளக்குவதாக மாற்றிக்கொண்டார்கள், அந்த விளக்கமும் கையேட்டைத் தாண்டவில்லை. ஆனால் உதிரி டயரும் பேரிங்கும் கேட்டவுடன் அனுப்பினார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இரண்டு காரியங்களைச் செய்துகொள்ளுங்கள். மரம் அறுக்கும் இயந்திரங்களை வனத்துறை உரிமத்தின் கீழ் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வீட்டுப் பட்டறையில் பேண்ட்சா வைப்பது பற்றி உங்கள் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். பிறகு கடையிலேயே மேல்கைடுத் தண்டை ஏற்றி இறக்கிப் பிளேடோடு அதன் இடைவெளியைப் பாருங்கள். இரண்டு மூன்று இயந்திரங்கள் இருந்தால் அவற்றில் இடைவெளி மிகக் குறைவாக மாறும் ஒன்றைத் தேர்ந்து, அதன் வரிசை எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அரை அங்குலம் மூன்று பல் பிளேடு இரண்டும், வளைவுகளுக்கு இரண்டு நூல் (கால் அங்குல) அகலம் ஆறு பல் பிளேடு ஒன்றும் அன்றைக்கே செய்து வாங்கிக்கொண்டால், இதற்காக மீண்டும் மலையிறங்க வேண்டியிராது.